விந்தணு டிஎன்ஏ டெஸ்ட் யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

கல்யாணமாகி மூன்று வருஷம், விசேஷம் ஒன்றும் இல்லை, கருத்தரிப்பு மையத்துக்குப் போனால் முதல் நாளே நீளமான ஒரு பரிசோதனைப் பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டார்கள், அதில் டிஎஃப்ஐ, அதாவது விந்தணு டிஎன்ஏ எவ்வளவு உடைந்திருக்கிறது என்று சொல்லும் டெஸ்ட், ஒன்று இருக்கிறது, சில ஆயிரம் ரூபாய் ஆகுமாம், எடுக்கலாமா வேண்டாமா? இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. நான் டாக்டர் இல்லை. விந்து பரிசோதனை லேபில் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவன். யாருக்கு என்ன சிகிச்சை என்று சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது, ஆனால் இந்த டெஸ்ட் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று சொல்ல முடியும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக டைப் பண்ணுவதற்குப் பதில் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

என் கருத்து இதுதான்: ரிசல்ட் மோசமாக வந்தால் நம் சிகிச்சையில் எது மாறும் என்று டாக்டரைக் கேளுங்கள். தெளிவாகப் பதில் வந்தால் எடுங்கள். "எதற்கும் பார்த்து வைப்போம்" என்றால் அந்தக் காசு உங்களிடமே இருக்கட்டும்.

விஷயத்துக்குப் போகும் முன் ஒரு குழப்பத்தை ஓரங்கட்டிவிடலாம். டிஎன்ஏ டெஸ்ட் என்றதும் வீட்டுப் பெரியவர்களுக்கு ஞாபகம் வருவது டிவி சீரியலிலும் கோர்ட்டிலும் வருகிற "இது யார் குழந்தை" டெஸ்ட். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இந்த ரிப்போர்ட்டை டிவி ஸ்டாண்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போக, சாயங்காலம் வருவதற்குள் அவன் அம்மா மருமகளிடம் பேச்சையே நிறுத்தியிருந்தார். இது அந்த டெஸ்ட் இல்லை. பரம்பரை நோய் இருக்கிறதா என்று பார்ப்பதும் இல்லை, குரோமோசோம் எண்ணிக்கையைப் பார்க்கும் கேரியோடைப் டெஸ்ட்டும் இல்லை, விந்தணு மிகக் குறைவாக இருப்பவர்களுக்கு எடுக்கும் ஒய் குரோமோசோம் டெஸ்ட்டும் இல்லை. விந்தணுவுக்குள் இருக்கும் டிஎன்ஏ இழை எவ்வளவு உடைந்திருக்கிறது என்பதை மட்டும்தான் இது பார்க்கிறது. ரிப்போர்ட்டில் 22 சதவீதம் என்று இருந்தால், எண்ணிப் பார்த்த நூறு விந்தணுக்களில் 22-ல் உடைசல் தெரிந்தது என்று அர்த்தம். உங்கள் டிஎன்ஏவில் 22 சதவீதம் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. இதைச் சொன்னதும் பாதிப் பேருக்கு முகம் தெளிந்துவிடும்.

சாதாரண விந்து பரிசோதனை, அதாவது எல்லோரும் கவுன்ட் டெஸ்ட் என்று சொல்வது, மூன்று விஷயங்களைப் பார்க்கிறது: எத்தனை இருக்கிறது, எத்தனை ஓடுகிறது, எத்தனை பார்க்க ஒழுங்காக இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட ஆறாவது பதிப்புக் கையேட்டின்படி ஒரு மில்லிக்கு 16 மில்லியன், முன்னோக்கி ஓடுபவை 30 சதவீதம், வடிவம் சரியாக இருப்பவை 4 சதவீதம் என்பவை கீழ் எல்லைகள். இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பதை யாரும் சொல்வதில்லை. ஒரு வருஷத்துக்குள் மனைவி கருவுற்ற ஆண்களின் விந்தை எடுத்து, அவர்களில் கடைசி 5 சதவீதம் பேர் எங்கே நிற்கிறார்களோ அங்கே கோடு போட்டிருக்கிறார்கள். அதனால் கோட்டுக்கு மேலே இருப்பவர் கண்டிப்பாக அப்பா ஆவார் என்றும் இல்லை, கீழே இருப்பவர் ஆகவே மாட்டார் என்றும் இல்லை. நன்றாக நீந்தும், பார்க்க லட்சணமாக இருக்கும் விந்தணுவின் தலைக்குள் டிஎன்ஏ எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று என் மைக்ராஸ்கோப்புக்குத் தெரியாது. அந்த இடத்தில்தான் டிஎஃப்ஐ வருகிறது.

ஒரு விந்தணுவில் இருக்கும் டிஎன்ஏவை நீட்டினால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வரும். அது ஐந்து மைக்ரான் நீளமுள்ள ஒரு தலைக்குள் இருக்கிறது. மற்ற செல்களில் டிஎன்ஏ ஹிஸ்டோன் என்ற புரதத்தில் சுற்றியிருக்கும். விந்தணு உருவாகும்போது பெரும்பாலான ஹிஸ்டோனை எடுத்துவிட்டு புரோட்டமின் என்ற வேறு புரதத்தைப் போட்டு இறுக்கிக் கட்டிவிடுகிறது உடம்பு. இந்த மாற்றத்துக்காக இழையைத் தற்காலிகமாக அங்கங்கே வெட்டி ஒட்ட வேண்டியிருக்கிறது, ஒட்டாமல் விட்டால் உடைசல் அப்படியே நின்றுவிடும். கட்டு இறுகிய பிறகு விந்தணுவால் தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்ள முடியாது. அது மட்டுமில்லை, விரையிலிருந்து வெளியே வந்து எபிடிடிமிஸ் என்ற சுருள் குழாயில் நாள்கணக்கில் தங்கிப் போகும்போது, ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் என்கிறார்களே, ஆக்ஸிஜனிலிருந்து உண்டாகும் வீரியமான மூலக்கூறுகள் செல்லை அரிப்பது, அது வந்து தாக்குகிறது. விந்தணுவில் சைட்டோபிளாசமே கிட்டத்தட்ட இல்லாததால் தற்காப்பு நொதிகளும் குறைவு. மிச்ச உடைசல் பெரும்பாலும் இந்தப் பயணத்தில் சேர்கிறது.

உடைந்த டிஎன்ஏ உள்ள விந்தணுவும் முட்டைக்குள் போகும், கருவும் உண்டாகும். போன பிறகு முட்டை முடிந்தவரை அதைச் சரிசெய்கிறது, இளவயது முட்டைக்கு அந்தத் திறமை அதிகம், வயது ஏற ஏறக் குறைகிறது. கருவில் முதல் இரண்டு மூன்று நாள் முட்டையின் சரக்கை வைத்தே வண்டி ஓடும். நான்கு முதல் எட்டு செல் நிலையில்தான் கருவின் சொந்த ஜீன்கள், அப்பாவின் பங்கும் சேர்த்து, வேலையை எடுத்துக்கொள்கின்றன. மூன்றாம் நாள் வரை அழகாக வளர்ந்த கருக்கள் ஐந்தாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட் என்ற அடுத்த நிலைக்குப் போகாமல் நின்றுபோகும்போது, லேபில் கருவை வளர்க்கும் எம்ப்ரியாலஜிஸ்ட் "விந்தணு பக்கம் ஒரு தடவை பாருங்களேன்" என்று சொல்வது இதனால்தான். முட்டை காரணமாகவும் அது நின்றிருக்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

டெஸ்ட்டில் நாலு வகை புழக்கத்தில் இருக்கின்றன. பழையது எஸ்சிஎஸ்ஏ, டொனால்ட் எவன்சன் என்பவரும் அவர் கூட்டாளிகளும் 1980-ல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்தது. விந்தணுவை லேசான அமிலத்தில் வைத்து அக்ரிடின் ஆரஞ்சு என்ற சாயம் போட்டால் ஈரிழையாக முழுசாக இருப்பது பச்சையாக ஒளிரும், பிரிந்த ஒற்றை இழை சிவப்பாக ஒளிரும், ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற மெஷின் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விந்தணுக்களை எண்ணிவிடும். டியூனல் என்பது உடைந்த முனைகளிலேயே நேரடியாக ஒரு அடையாளத்தை ஒட்டுகிறது. காமெட் என்பது ஒவ்வொரு செல்லையும் ஜெல்லில் வைத்து மின்சாரம் பாய்ச்சுவது, உடைந்த துண்டுகள் வால்மாதிரி பின்னால் இழுபடும். நம் ஊர் லேப்களில் நான் அதிகம் பார்ப்பது நான்காவதான எஸ்சிடி, ஹாலோ டெஸ்ட் என்றும் சொல்வார்கள். பெரிய மெஷின் தேவையில்லை, கிட் இருந்தால் போதும். அகரோஸ் என்ற ஜெல்லில் விந்தணுவைப் பரப்பி, அமிலம், பிறகு புரதத்தைக் கரைக்கும் திரவம், பிறகு சாயம். டிஎன்ஏ முழுசாக இருந்தால் தலையைச் சுற்றிப் பெரிய ஒளிவட்டம் தெரியும், உடைந்திருந்தால் வட்டம் சின்னதாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. சில நூறு விந்தணுக்களைக் கண்ணால் எண்ணுகிறோம். சின்ன வட்டமா நடுத்தர வட்டமா என்று ஒன்றிரண்டில் எனக்கும் பக்கத்து சீட்டுக்காரருக்கும் கருத்து வேறுபாடு வருவது உண்டு, அதனால் 24 என்பதற்கும் 27 என்பதற்கும் நடுவில் பெரிய வித்தியாசம் தேடாதீர்கள்.

ஒரு முறையில் வந்த எண்ணை இன்னொரு முறையின் எண்ணோடு ஒப்பிடவும் முடியாது. எஸ்சிஎஸ்ஏவுக்கு 30 சதவீதம் என்ற எல்லை ரொம்ப நாளாகப் பேசப்படுகிறது, டியூனலுக்கும் காமெட்டுக்கும் கணக்கு வேறு. முதலில் ஒரு ஊரில் ஹாலோவில் எடுத்து, மூன்று மாத மருந்துக்குப் பிறகு இன்னொரு ஊரில் டியூனலில் எடுத்து, "பாருங்கள் குறைந்துவிட்டது" என்று சந்தோஷப்படுபவர்களைப் பார்த்தால் எனக்கு என்ன சொல்வதென்று தெரிவதில்லை.

சரி, யாருக்கு இது உண்மையிலேயே பயன்படும்?

முதலில், கரு உண்டாகி உண்டாகிக் கலைந்துபோகிற தம்பதிகள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. 2012-ல் வந்த ஒரு தொகுப்பாய்வில் டிஎன்ஏ உடைசல் அதிகமுள்ள ஆண்களின் மனைவியருக்குக் கருச்சிதைவு ஏற்படும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று கண்டார்கள். நம் ஊரில் ஒரு கரு கலைந்தால் மாமியார் முதல் பக்கத்து வீடு வரை அவள் என்ன சாப்பிட்டாள், பப்பாளி தொட்டாளா, ஸ்கூட்டியில் போனாளா என்று விசாரணை நடக்கும், இரண்டாவது தடவை கலைந்தால் தைராய்டு, ரத்தம் உறைதல், கர்ப்பப்பை அமைப்பு என்று அவளுக்கு மட்டும் பத்து டெஸ்ட். வீட்டுக்காரர் வெளியே பெஞ்சில் போன் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குக் கவுன்ட் நார்மல், அதோடு அவர் வேலை முடிந்தது! அமெரிக்க யூராலஜி சங்கமும் அங்குள்ள இனப்பெருக்க மருத்துவ சங்கமும் சேர்ந்து 2020-ல் கொடுத்த வழிகாட்டுதலிலேயே, தொடர்ந்து கரு கலைபவர்களில் ஆணுக்குக் கேரியோடைப்பும் டிஎன்ஏ உடைசல் டெஸ்ட்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அதே வழிகாட்டுதல், குழந்தையில்லை என்று முதல் முறையாக வருபவருக்கு ஆரம்பப் பரிசோதனையில் இது தேவையில்லை என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முதல் நாள் பேக்கேஜிலேயே டிஎஃப்ஐயைச் சேர்த்து விற்பவர்கள் இரண்டாவது பாதியை வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது காரணம் தெரியாத குழந்தையின்மை. இரண்டு பேருக்கும் எல்லா ரிப்போர்ட்டும் நார்மல், ஆனாலும் ஒன்றும் நடக்கவில்லை. இதற்கும் ஐரோப்பிய யூராலஜி சங்கம் டெஸ்ட்டைப் பரிந்துரைக்கிறது. இங்கே ரிசல்ட் ஒரு முடிவை மாற்றக்கூடும். ஸ்வீடன், டென்மார்க் ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஒரு ஆய்வில், டிஎஃப்ஐ 30-க்கு மேல் போனவர்களுக்கு ஐயுஐ, அதாவது விந்தைக் கர்ப்பப்பைக்குள் நேரடியாகச் செலுத்துவது, ரொம்ப மோசமாகவே கைகொடுத்தது, ஆனால் ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் ஏற்றும் இக்சியில் அவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை. அதாவது எண் அதிகமாக இருந்தால் ஐயுஐயை ஐந்தாறு தடவை இழுத்துக்கொண்டிருக்காமல் அடுத்த கட்டத்துக்குப் போகலாமா என்று யோசிக்க ஒரு காரணம் கிடைக்கிறது. மறுபக்கம், ஏற்கனவே இக்சிதான் என்று முடிவாகிவிட்ட, இதுவரை தோல்வி எதுவும் காணாத தம்பதிக்கு இந்த எண் என்ன செய்யப்போகிறது? எனக்குத் தெரிந்து அநேகமாக ஒன்றும் இல்லை, கவலை ஒன்று கூடும்.

மூன்றாவது வெரிகோசீல். விரைப்பைக்குள், விரைக்கு மேலே ரத்தக்குழாய்கள் புடைத்துச் சுருண்டு நிற்பது. பொதுவாக ஆண்களில் 15 சதவீதம் பேருக்கு இது உண்டு, குழந்தையின்மைக்காக வரும் ஆண்களில் 35 முதல் 40 சதவீதம் பேருக்கு. அதனால் இருப்பவர்கள் எல்லோரும் ஆபரேஷன் பண்ண வேண்டியதில்லை. ஆனால் கையால் தொட்டாலே தெரிகிற வெரிகோசீல், கவுன்ட் இரண்டுங்கெட்டானாக இருக்கிறது, பண்ணலாமா விடலாமா என்று யூராலஜிஸ்ட் யோசிக்கும்போது டிஎஃப்ஐ ஒரு பக்கம் தராசைச் சாய்க்கும். ஆபரேஷனுக்குப் பிறகு உடைசல் குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, சராசரியாகச் சில சதவீதப் புள்ளிகள்தான், 45-லிருந்து 10-க்கு இறங்கிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இதில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. டிஎஃப்ஐ ரிப்போர்ட்டோடு வருகிற எத்தனையோ பேரை எந்த டாக்டரும் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். யூராலஜிஸ்ட் நிற்கவைத்து, இருமச் சொல்லி, இரண்டு நிமிஷம் கையால் பரிசோதித்தால் தெரிந்துவிடுகிற வெரிகோசீலை விட்டுவிட்டு ஆயிரக்கணக்கில் செலவழித்து டிஎன்ஏவைப் பார்ப்பது என்ன வரிசை என்று எனக்குப் புரியவில்லை. வெட்கம் ஒரு காரணம். மனைவியை மட்டும் பார்த்தால் போதும் என்று நடத்துகிற இடங்கள் இன்னொரு காரணம்.

ஐவிஎஃப், அதாவது டெஸ்ட் டியூப் பேபி சிகிச்சை, திரும்பத் திரும்பத் தோற்றவர்களுக்கும் எடுக்கிறார்கள். அது நியாயம்தான், ஆனால் அங்கே ஆதாரம் கொஞ்சம் மங்கல், பல காரணங்கள் கலந்திருக்கும். விந்தில் அணுவே இல்லாதவர்களுக்கு இந்த டெஸ்ட்டுக்கு வேலையே இல்லை, மிகமிகக் குறைவாக இருப்பவர்களுக்கும் எண்ணப் போதுமான அளவு கிடைக்காது.

எண் அதிகமாக வந்துவிட்டது, அப்புறம்? முதலில் காய்ச்சல் வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். டெங்கு, டைபாய்டு, கோவிட், எதுவானாலும் நல்ல காய்ச்சல் ஒன்று வந்துபோனால் அடுத்த ஒன்றிரண்டு மாதத்துக்கு விந்தின் தரம் கீழே போகும், டிஎன்ஏ உடைசலும் ஏறும். விரை உடம்பைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும், அதனால்தான் அது வெளியே தொங்குகிறது. அடுப்படியிலும் பாய்லர் பக்கத்திலும் நாள் முழுக்க நிற்பவர்கள், என்ஜின் சூட்டில் மணிக்கணக்கில் உட்கார்ந்து ஓட்டுபவர்கள் இதை டாக்டரிடம் சொல்ல வேண்டும், கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். சிகரெட், கட்டுப்படாத சுகர், அதிக எடை, தொற்று, கீமோதெரபி எல்லாமே கணக்கில் வரும். வயதும் வரும். ஆணுக்கு எண்பதிலும் குழந்தை பிறக்கும் என்று கதை சொல்வார்கள், உடைசல் வயதோடு சேர்ந்து ஏறிக்கொண்டே போகிறது என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

விந்தணு ஒன்று உருவாக ஏறக்குறைய 74 நாள், அப்புறம் எபிடிடிமிஸைக் கடக்க ஒன்றிரண்டு வாரம். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று டாக்டர் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். சிகரெட்டை விட்ட பத்தாவது நாள் வந்து சாம்பிள் கொடுப்பதில் பிரயோஜனம் இல்லை.

மாத்திரை பற்றிச் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். டிஎஃப்ஐ கொஞ்சம் கூடுதல் என்றாலே ஆன்டிஆக்ஸிடன்ட் கேப்சூல் எழுதுவது வழக்கமாகிவிட்டது, கார்னிடின், கோ கியூ10, லைகோபீன், ஜிங்க், ஃபோலிக் ஆசிட் எல்லாம் ஒரே டப்பாவில், மாதத்துக்கு நல்ல காசு. 2020-ல் ஜாமா இதழில் வந்த அமெரிக்க ஆய்வு 2,370 தம்பதிகளை எடுத்து, பாதி ஆண்களுக்கு ஆறு மாதம் ஃபோலிக் ஆசிட்டும் ஜிங்க்கும், மீதிப் பேருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தது. குழந்தை பிறந்தது இந்தப் பக்கம் 34 சதவீதம், அந்தப் பக்கம் 35. டிஎன்ஏ உடைசலோ மருந்து சாப்பிட்டவர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது, 29.7-க்கு எதிரே 27.2. வேறு கலவை யாருக்காவது உதவலாம், இல்லையென்று நான் சொல்லவில்லை. மாத்திரை ஆரம்பித்துவிட்டோம் என்ற நிம்மதியில் சிகரெட்டை விடாமல் இருப்பதுதான் பெரிய நஷ்டம்.

நல்ல விந்தணுவைத் தேர்ந்தெடுத்து இக்சி பண்ணுகிறோம் என்று கூடுதலாகக் கட்டணம் வாங்கும் முறைகளும் உண்டு. முட்டையைச் சுற்றி இருக்கும் ஹயலுரோனன் என்ற பொருளில் ஒட்டும் விந்தணுவை எடுக்கும் பிக்சி முறையைப் பிரிட்டனில் 2,772 தம்பதிகளிடம் சோதித்து 2019-ல் லான்செட்டில் வெளியிட்டார்கள். குழந்தை பிறப்பு விகிதம் நிச்சயமாகச் சொல்லும்படி கூடவில்லை, ஆனால் கரு கலைவது 7 சதவீதத்திலிருந்து 4 ஆக இருந்தது. கரு கலைந்த கதை இருப்பவர்கள் இதைப் பற்றி டாக்டரிடம் பேசுவதில் தவறில்லை. நுண்குழாய் சிப் வழியாகப் பிரிப்பது இன்னொன்று, அதில் வெளிவரும் விந்தணுக்களில் உடைசல் குறைவு என்பது உண்மை, ஆனால் வீட்டுக்குக் குழந்தை கூடுதலாக வருகிறதா என்பது இன்னும் தீரவில்லை. விரையிலிருந்து நேரடியாக ஊசி போட்டு எடுப்பதும் உண்டு, அங்கே எபிடிடிமிஸ் பயணம் இல்லாததால் உடைசல் குறைவு. அது சின்னதாக இருந்தாலும் ஆபரேஷன்தான், கடைசியில் யோசிக்க வேண்டிய வழி. ஒன்று ஞாபகம் இருக்கட்டும், டெஸ்ட் செய்த விந்தணு அதோடு செத்துவிடும். பரிசோதித்துப் பார்த்து நல்லது என்று தெரிந்த அதே விந்தணுவை ஊசியில் ஏற்றுவது இன்றைக்கு முடியாத காரியம்.

மனைவியின் வயதை வைத்துத்தான் இதையெல்லாம் பார்க்க வேண்டும். 27 வயது என்றால் மூன்று மாதம் காத்திருந்து, எடை குறைத்து, தேவைப்பட்டால் வெரிகோசீல் ஆபரேஷனும் முடித்து மறுபடி பார்க்க நேரம் இருக்கிறது. 38 வயது, முட்டை இருப்பும் குறைவு என்றால், கணவரின் டிஎஃப்ஐயை 32-லிருந்து 26-க்குக் கொண்டுவர எட்டு மாதம் செலவழிப்பது நல்ல வியாபாரம் இல்லை. அந்த எட்டு மாதத்தில் அவள் பக்கம் போவது திரும்பி வராது.

கடைசியாக சாம்பிள் விஷயம், ஏனென்றால் இது என் வேலை. இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி என்பது சாதாரண விந்து பரிசோதனைக்கான விதி. டிஎன்ஏவுக்கு நீண்ட இடைவெளி நல்லதில்லை, பத்து நாள் சேர்த்துவைத்தால் கவுன்ட் கூடும், உடைசலும் கூடும், தேங்கிக் கிடந்ததே எண்ணில் ஏறும். மறுபடி எடுக்கும்போது முதல் தடவை விட்ட அதே இடைவெளியை விடுங்கள், முடிந்தால் அதே லேபில், அதே முறையில். வீட்டில் எடுத்து டிபன் பையில் வைத்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம் கொண்டுவராதீர்கள். விந்து நீர்த்த பிறகு நேரம் ஆக ஆக உடைசல் தானாகவே கூடும். லேபில் தனி அறை இருக்கிறது, யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள், எங்களுக்கும் அதில் பேச ஒன்றும் இல்லை. ரிப்போர்ட் வாங்கும்போது எந்த முறையில் எடுத்தது, எத்தனை விந்தணு எண்ணியது, எத்தனை நாள் இடைவெளி என்ற மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கவுன்டரிலேயே நின்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.